ட்யூக் 390-ம் அப்பா கேட்ட கணக்கும்

அஞ்சாவது செமஸ்டர்ல காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பருக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் என்ன படிச்சுக்கிட்டு இருந்தேன்னு நினைக்கிறீங்க? கேடிஎம் 390 ட்யூக்கோட ஸ்பெசிபிகேஷன். 373.2 சிசி, ஒரே சிலிண்டர், 43 குதிரை சக்தி, 163 கிலோ. மறுநாள் பேப்பர்ல மார்ஜினல் காஸ்டிங் கணக்குக்கு பார்முலா மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கலை. பாஸாயிட்டேன், பயப்படாதீங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த ஆசை இல்லை. பொள்ளாச்சியில நான் எட்டாவது படிக்கறப்ப, எங்க தெருமுனையில ஒரு ஆரஞ்சு கலர் வண்டி நின்னுச்சு. மூடி எதுவும் இல்லாம இன்ஜின், பிரேம், ரேடியேட்டர் எல்லாம் வெளிய தெரியற மாதிரி. டியூஷனுக்குப் போகாம அதையே பாத்துக்கிட்டு நின்னு அம்மாகிட்ட அடி வாங்கினேன். இந்த மாதிரி வண்டிக்கு 'நேக்கட்'னு பேர். ஒருநாள் வீட்ல சத்தமா "நேக்கட் பைக்தாம்மா வேணும்"னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பாத்த பார்வை இருக்கே... அத்தை, அதுக்கு அர்த்தம் முன்னாடி பிளாஸ்டிக் கவசம் இல்லாத வண்டின்னு மட்டும்தான், சத்தியமா :)

சரி, மேட்டருக்கு வர்றேன்.

எங்கப்பா ஒரு தென்னை நார் மில்லுல கணக்கு எழுதறவர். நான் பொறந்த வருஷம் ஒரு பாலிசி போட்டு, மாசா மாசம் கட்டிக்கிட்டே வந்திருக்கார். அது இந்த வருஷம் முதிர்வு ஆகி ரெண்டு லட்சத்துச் சொச்சம் கைக்கு வந்துச்சு. உன் பேர்ல போட்டது, மேல படிக்கறதுக்கு வச்சுக்கலாம்னாரு. நான் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு, மூணாவது நாள் சாப்பிடறப்ப மெதுவா வண்டிப் பேச்சை எடுத்தேன். அம்மா கரண்டியை வச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அப்பா திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டலை. "உன்ற காசு. ஆனா காமர்ஸ் படிக்கற பையன். கணக்கு எழுதிக் கொண்டா பாக்கலாம். சரியா இருந்தா நானே கூட வர்றேன்"னுட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தா சண்டை போட்டிருக்கலாம். கணக்கு கேட்டா என்னங்க பண்றது?

அதனால ஒரு மாசமா இந்த வண்டியை எடை போட்டுக்கிட்டு இருக்கேன். உங்கள்ல யாருக்காவது இதே ஆசை இருந்தா உதவும்.

முதல்ல புதுசா, பழசா? புதுசு பத்தி ரொம்ப யோசிக்கலை. 2023-ல் வந்த மூணாம் தலைமுறை 390 அறிமுகமானப்பவே ஷோரூம் விலை 3.11 லட்சம். அது போக 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறினப்ப, 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு 28 சதவீதத்துல இருந்து 18-ஆ குறைச்சுட்டு, அதுக்கு மேல உள்ளதுக்கு 40 சதவீதம்னு வச்சாங்க. சர்க்கார் கணக்குல என் ஆசை ஆடம்பரப் பொருள். கடன் வாங்கலாமேன்னு கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான். விசாரிச்ச ஒரு இடத்துல ரெண்டு லட்சத்துக்கு பத்து சதவீதம் 'பிளாட்' வட்டி, மூணு வருஷம்னாங்க. பத்துதானேன்னு தோணும். உக்காந்து போட்டுப் பாத்தேன். மூணு வருஷ வட்டி 60,000, மாசத் தவணை 7,222. ஆனா நாம மாசா மாசம் அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றோம், வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு ரெண்டு லட்சத்துக்கும் ஓடுது. குறையற பாக்கிக்குன்னு கணக்கு பண்ணினா அது வருஷத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம். மூணு வருஷ பி.காம்ல நான் உருப்படியா கத்துக்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லுன்னா இதைத்தான் சொல்லுவேன்.

ஆக, செகண்ட் ஹேண்ட்தான். 2017-ல் வந்த ரெண்டாம் தலைமுறை வண்டி. அப்ப அதோட ஷோரூம் விலை சுமார் 2.25 லட்சம். கேபிள் இல்லாம எலக்ட்ரானிக் த்ராட்டில், கியரைப் படபடன்னு குறைச்சாலும் பின் சக்கரம் துள்ளாம இருக்க ஸ்லிப்பர் கிளட்ச், கலர் டிஸ்பிளே, முன்னாடி 320 மில்லிமீட்டர் டிஸ்க், ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். கோயம்புத்தூர்ல ஒருத்தர் 2017 மாடல் வச்சிருந்தார், 1,35,000 சொன்னார். வருமான வரிச் சட்டப்படி 15 சதவீதம் தேய்மானம் போட்டா எட்டு வருஷத்துல அந்த 2.25 லட்சம் 61,000 சொச்சத்துக்கு வந்து நிக்கணும். இவர் கேக்கறது அதுல ரெண்டு மடங்குக்கு மேல. புத்தக மதிப்பு வேற, சந்தை மதிப்பு வேறன்னு எங்க மேடம் கத்திக் கத்தி சொன்னது ஆரஞ்சு கலர் பெயிண்டைப் பாத்தப்பதான் புரிஞ்சது.

இன்னொரு சந்தேகமும் இருந்துச்சு. ஆஸ்திரியாவுல கேடிஎம் கம்பெனி 2024 நவம்பர்ல திவால் மனு போட்டுச்சு. 2025 பிப்ரவரியில கடன் கொடுத்தவங்க நூத்துக்கு முப்பது ரூபாய் வாங்கிக்க ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணத்துக்கு நம்மூர் பஜாஜ்தான் 2025 மே மாசம் கை கொடுத்துச்சு. வாங்கப் போற வண்டியோட கம்பெனி இருக்குமா இருக்காதான்னு பாக்கறது ஆடிட்டிங்ல முதல் பாடம். ஆனா இந்த 390 எல்லாம் ஆரம்பத்துல இருந்தே புனே பக்கத்துல சாக்கன்ல பஜாஜ் தொழிற்சாலையில தயாரானதுதான். அதனால உதிரிபாகத்துக்குப் பயம் வேண்டாம்னு டிக் போட்டுக்கிட்டேன்.

இனி ஓட்டற செலவு. எங்க வீட்டு ஸ்பிளெண்டர் சும்மா விட்டாலே லிட்டருக்கு 60 தரும். 390-க்கு 25-ன்னு வச்சுக்குவோம். வீட்ல இருந்து காலேஜுக்கு போக வர 80 கிலோமீட்டர், மாசம் 22 நாள், ஆக 1,760 கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்னு வச்சாலும் ஸ்பிளெண்டர்ல 2,930, ட்யூக்ல 7,040. மாசம் நாலாயிரம் கூட. பஸ் பாஸ் வச்சிருக்கற பையன் பேசற பேச்சா இது?

இன்சூரன்ஸ் இன்னொரு கதை. 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி மூணாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 75-ல இருந்து 150 சிசி வரைக்கும் 714 ரூபாய், 350 வரைக்கும் 1,366, அதுக்கு மேல 2,804. எல்லாமே வரிக்கு முன்னாடி. சும்மா ரேட் போடறதில்லை, மொத்தமா எத்தனை விபத்து, எவ்வளவு நஷ்டஈடுன்னு பாத்துத்தான் போடுவாங்க. 373 சிசி வண்டிக்கு ஸ்பிளெண்டரைப் போல நாலு மடங்கு. அந்த நம்பரை எழுதறப்ப கொஞ்சம் உறுத்துச்சு, தாண்டிப் போயிட்டேன். பழைய வண்டி வாங்கறவங்க கவனிக்க: விக்கறவரோட நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருக்குத்தான் சொந்தம். பேர் மாத்தின 14 நாளைக்குள்ள பாலிசியையும் உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். ஆர்சி-ல கடன் பதிவு இருந்தா பேங்க் கடிதம் வாங்காம ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வண்டி 1,35,000, பேர் மாத்தம் இன்சூரன்ஸ் 8,000, ரெண்டு டயர் 15,000, செயின் ஸ்ப்ராக்கெட் 6,000, ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் 18,000. ஆக மொத்தம் 1,82,000. பாலிசி காசுக்குள்ள அடங்குது! பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு ரெண்டு நாள் ராஜா மாதிரி திரிஞ்சேன்.

இப்ப நான் மறைச்சு வச்ச ஒரு விஷயம்.

எங்க கிளாஸ்ல ஒருத்தன்கிட்ட இதே தலைமுறை 390 இருக்கு. ஓட்டிப் பாக்காம எப்படி வாங்கறதுன்னு ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கினேன். அவன் நல்லவன், ஹெல்மெட்டையும் கொடுத்து, "மச்சி, ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல போகாத"ன்னு ஒரு வார்த்தை சொன்னான்.

உக்காந்ததுமே முதல் சந்தேகம் வந்துச்சு. சீட் உயரம் 830 மில்லிமீட்டர். நான் அஞ்சடி அஞ்சு அங்குலம். ரெண்டு காலும் நுனிதான் ஊணுது, சிக்னல்ல ஒரு காலை ஊணி ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். ஊருக்குள்ள ரெண்டாவது கியர்ல மெதுவா போனா இன்ஜின் முரண்டு பிடிக்குது. பெரிய ஒத்தை சிலிண்டர், கீழ் வேகத்துல அப்படித்தான் திணறும். டிராபிக்ல நின்னா ரேடியேட்டர் பேன் ஓட ஆரம்பிச்சு கால் பக்கம் சூடு வருது. உக்கடத்துல இருந்து ஈச்சனாரி போறதுக்குள்ள, இதுக்குத்தானா இத்தனை வருஷம்னு நினைச்சுட்டேன்.

ஈச்சனாரி தாண்டி ரோடு விரிஞ்சது.

அதை எப்படிச் சொல்றது... ஸ்பிளெண்டர் மொத்தமே எட்டு குதிரை, இது நாப்பத்தி மூணு. என் 65 கிலோவையும் சேத்துப் பாத்தா ஒவ்வொரு கிலோவுக்கும் நாலு மடங்கு சக்தி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா ஆறாயிரத்தைத் தாண்டினதும் அந்த இன்ஜின் வேற ஜாதி ஆயிடுது (மச்சி, மன்னிச்சுக்கோ). கை கொஞ்சம்தான் திரும்புச்சு. பூஜ்யத்துல இருந்து நூறுக்கு ஏறக்குறைய ஆறு செகண்ட்னு படிச்சிருக்கேன், ஆறு செகண்ட்ங்கறது என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. முன்னாடி கவசம் இல்லாததால காத்து நெஞ்சுல கை வச்சுத் தள்ளுது. ஹெல்மெட்டுக்குள்ள நான் சத்தமா சிரிச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. டிஸ்பிளேல 108.

கிணத்துக்கடவு தாண்டி இடது பக்கத்துல இருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். பின்னாடி சோளத்தட்டுக் கட்டு, ஓட்டறவர் அறுபது அறுபத்தஞ்சு வயசுப் பெரியவர். அவர் திரும்பிப் பாத்தார், நான் சத்தியமா சொல்றேன், திரும்பிப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு ஏறினார். அவர் கணக்குல அவ்வளவு தூரத்துல வர்ற பைக் அறுபதுல வருது. அந்த ரோட்டுல எல்லா பைக்கும் அப்படித்தானே வருது.

பிரேக்கை மொத்தமா பிடிச்சேன். லீவர் விரலுக்குள்ள டகடகன்னு துடிச்சது, அது ஏபிஎஸ்-னு அப்புறம்தான் மூளைக்கு எட்டுச்சு. பின்பக்கம் லேசாகி ஆடுச்சு. தட்டுக் கட்டு பெருசாயிட்டே வந்துச்சு. நின்னப்ப எனக்கும் அந்தக் கட்டுக்கும் நடுவுல ஒரு சைக்கிளை நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். கால் நுனிதான் ஊணும்னேனே, அதனால நின்ன வேகத்துல வண்டி ஒரு பக்கமா சாஞ்சுது, தொடையை முட்டுக் கொடுத்துப் பிடிச்சேன். பெரியவர் வண்டியை ஓரமா நிறுத்திட்டு வந்தார். அடிக்கத்தான் வர்றார்னு நினைச்சேன். "ஏஞ்சாமி, ஊட்ல ஏதாச்சும் அவசரமா?"ன்னு கேட்டார். நிஜமாவே யாருக்கோ ஒடம்பு சரியில்லைன்னு நினைச்சுட்டார் மனுஷன். என்னால பதில் சொல்ல முடியலை. இல்லீங்கன்னு தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வர்றப்ப நாப்பதைத் தாண்டலை. வண்டியைக் கொடுத்துட்டு, நல்லாருக்குடான்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி பிரேக் தூரத்தைக் கணக்கு போட்டேன். பிரேக் நல்லா பிடிச்சு செகண்டுக்கு செகண்ட் 7 மீட்டர் வேகம் குறையுதுன்னு வச்சுக்கோங்க. ஆபத்தைப் பாத்து கை லீவருக்குப் போறதுக்கு ஒரு செகண்ட். ஐம்பதுல போனா மொத்தம் 28 மீட்டர்ல நிக்கலாம். நூறுல போனா 83 மீட்டர். வேகம் ரெண்டு மடங்குன்னா பிரேக் தூரம் நாலு மடங்கு, பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். 320 டிஸ்க்கும் ஏபிஎஸ்-ஸும் இல்லாம எங்க வீட்டு டிரம் பிரேக்கா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சேன். உடனே இன்னொண்ணும் தோணுச்சு, எங்க வீட்டு வண்டி 108 போகவே போகாது. ரெண்டுமே உண்மை. எந்தப் பக்கம் எழுதறது, பற்றா வரவா?

ஆசை போயிடுச்சான்னா, இல்லை. அதுதான் பிரச்சனையே. அந்தச் சிரிப்பும் ஞாபகம் இருக்கு, தட்டுக் கட்டும் ஞாபகம் இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கிட்டு அந்த 1,35,000 வண்டியைப் பாக்கப் போனேன். அண்ணன் அங்க போனதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணலை. இன்ஜின் மேல கை வச்சார். சூடு. "வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். விக்கறவர், "சும்மா கழுவிட்டு ஒரு ரவுண்டு போனேன் ப்ரோ"ன்னார். ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பாத்தாத்தான் பாதி ரகசியம் தெரியும், அதை மறைக்கறதுக்கு இது பழைய வித்தைன்னு அண்ணன் அப்புறம் சொன்னார். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். முன் டயர்ல 1419, அதாவது 2019-ல் 14-ஆவது வாரம். பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு, ரப்பர் கல்லாயிடுச்சு. முன் போர்க் கம்பியைத் துணியால துடைச்சுட்டு நாலு தடவை அமுக்கினார், எண்ணெய்க் கோடு விழுந்துச்சு. சீல் போச்சு. இதெல்லாம் செலவுதானே, விலையைக் குறைச்சுக் கேப்போம்னு நான் மனசுக்குள்ள பேப்பரைத் திருத்திக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். திருப்பிட்டு செல்போன் டார்ச்சை பிரேம் கழுத்துல அடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல திரும்பாம தடுக்க அங்க ஒரு சின்ன முட்டு இருக்கும். ஒரு பக்கம் அது நசுங்கியிருந்துச்சு. அதைச் சுத்தி மட்டும் பெயிண்ட் புதுசு. சும்மா நின்ன இடத்துல வண்டி சாஞ்சா அது அந்த அளவுக்கு நசுங்காதாம், ஓடற ஓட்டத்துல எதையாவது முட்டி ஹேண்டில் வேகமா ஒடிஞ்சு அடிச்சாத்தான் அப்படி ஆகுமாம். "வாங்க தம்பி, டீ சாப்பிடலாம்"னார் அண்ணன். வாங்க வேண்டாம்னு அர்த்தம்.

டீக்கடையில நான் கேட்டேன், "அண்ணா, அதை ஓட்டினவருக்கு என்ன ஆயிருக்கும்?" "தெரியலியே தம்பி. வண்டியத்தானே நம்மகிட்ட காட்டறாங்க"ன்னார்.

அன்னைக்கு சாயந்திரம் கணக்குப் பேப்பரை அப்பாகிட்ட கொடுத்தேன். பென்சிலைக் காதுல இருந்து எடுத்து ஒவ்வொரு வரியா இறங்கி வந்தார். பிளாட் வட்டியை 18 சதவீதம்னு போட்டிருந்ததைப் பாத்து ஒரு தலையாட்டல். அது எனக்கு டிகிரி வாங்கின மாதிரி. கடைசியில, ஹெல்மெட் ஜாக்கெட் செலவை நியாயப்படுத்தறதுக்காக ஓரமா அந்த 28 மீட்டர், 83 மீட்டரையும் எழுதி வச்சிருந்தேன். பென்சில் அங்க நின்னுடுச்சு.

"இது என்னடா?"

"பிரேக் பிடிச்சா நிக்கற தூரம்ப்பா."

"அது தெரியுது. எல்லாத்துக்கும் ரூபாய் எழுதிட்டு இதுக்கு மட்டும் மீட்டர் எழுதியிருக்கியே. எப்பப் போன நூறுல?"

நாப்பது வருஷம் அடுத்தவங்க கணக்குல தப்பு கண்டுபிடிக்கற ஆள்கிட்ட பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. எல்லாத்தையும் சொல்லிட்டேன், பெரியவர் கேட்டது வரைக்கும். அப்பா ரொம்ப நேரம் பேசலை. அம்மா காதுல விழுந்துடுமோன்னு ஒரு தடவை சமையல்கட்டுப் பக்கம் பாத்தார். அப்புறம் பேப்பர்ல, ஜாக்கெட்டுக்குக் கீழ, அவரோட மணி மணியான கையெழுத்துல 'ஓட்டப் பழகும் செலவு'ன்னு ஒரு வரி எழுதி, தொகை போடற இடத்தைக் காலியா விட்டார். "இது எவ்வளவாகும்னு விசாரிச்சியா?"ன்னு கேட்டார். ஒரு மாசமா ஸ்ப்ராக்கெட் விலை வரைக்கும் விசாரிச்ச நான் அதை விசாரிக்கவே இல்லை.

இப்ப விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். செட்டிபாளையத்துல கரி ரேஸ் டிராக் இருக்கு, காலேஜ்ல இருந்து பக்கம்தான். கோயம்புத்தூர்ல பைக் ஓட்டற பயிற்சி யார் கொடுக்கறாங்க, எவ்வளவு ஆகும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும். போத்தனூர் பக்கம் இன்னொரு 390 இருக்காம், 2018 மாடல், ஒரே ஓனர். வர்ற ஞாயித்துக்கிழமை பாக்கப் போறோம். மெக்கானிக் அண்ணன் வர்றார். அப்பாவும் வர்றார், ஸ்பிளெண்டர்ல, நான் பின்னாடி.

பி.கு: நேத்து ராத்திரி அப்பா எங்கிட்ட மெதுவா, "அந்த நசுங்கின முட்டு எங்க இருக்கும்?"னு கேட்டார். வாசல்ல நின்ன ஸ்பிளெண்டர்ல ஹேண்டிலைத் திருப்பிக் காட்டினேன். ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுப் பாத்தோம். அதுல ஒரு கீறல்கூட இல்லை.